முன் வரிசையில் ஒரு தறிக்காரர்

“காது கேக்காத மனுஷனுக்குப் பாட்டு நிகழ்ச்சியில முன் வரிசை எதுக்கு?”

மேடையோரம் நின்றிருந்த தலைமையாசிரியை, பாட்டு டீச்சரிடம் முணுமுணுத்தார். கல்வி அதிகாரிக்குப் போட்ட மெத்தை நாற்காலிக்கு இரண்டு நாற்காலி தள்ளி, தறிக்கூடத்திலிருந்து நேரே வந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். புருவத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அப்பா.

இருபது வருஷம் இருநூறு தறிகளுக்கு நடுவில் நின்றவர். காது எப்போதோ போய்விட்டது, குரல் மட்டும் ஓங்கிவிட்டது. பள்ளிக்கூட வாட்ச்மேன் அவருக்கு வைத்த பெயர் ‘ஆலைச் சங்கு’.

“பின்னாடி அனுப்புங்க டீச்சர். பாட்டு நடுவுல ஏதாவது கத்தித் தொலைப்பாரு.”

“நான் கத்த மாட்டேங்க,” என்றார் சங்கு, பத்தடி தள்ளி உட்கார்ந்த இடத்திலிருந்தே. அரங்கம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. “பொண்ணு பாடறதப் பாக்கணும்னு அரை நாள் லீவு போட்டு வந்திருக்கேன்.”

தலைமையாசிரியை முகத்தைத் திருப்பிக்கொண்டார். “வேணுங்கறது மட்டும் கேக்குது பாருங்க. எங்க வீட்டுக்காரர் மாதிரி.”

பிறகு விஷயத்துக்கு வந்தார். “அதிகாரி இன்னிக்கு ஒரு வரி நல்லதா எழுதினா நமக்குக் கேடயம், உங்களுக்கு நிரந்தர வேலை. எழுதலன்னா உங்க ஒப்பந்தம் இந்த மாசத்தோட சரி. பிள்ளைங்க தயாரா?”

“ஒரு வாரந்தானே மேடம் குடுத்தீங்க. வருஷம் பூரா பாட்டு பீரியட கணக்கு சார்தான் எடுத்துக்கிட்டார்.”

“பரீட்சையில பாட்டா கேக்கறாங்க?”

நாலு வருஷத்தில் இது டீச்சருக்கு மூன்றாவது பள்ளிக்கூடம். மூன்றிலும் பாட்டு அறை என்றால் கால் உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைக்கும் இடம். இங்கே ஒரு கீபோர்டுகூட உண்டு. அதன்மேல் விடைத்தாள் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள்.

திரைக்குப் பின்னால் இருபத்தெட்டுப் பிள்ளைகள் தலையில் காகிதப் பூவோடு நின்றன. டீச்சர் அவர்கள் உயரத்துக்குக் குனிந்தாள்.

“ஞாபகம் இருக்கில்ல? வாய நல்லாத் திறக்கணும். நான் கைய இறக்கற வரைக்கும் நிறுத்தவே கூடாது, கண்ணுங்களா.”

“நடுவுலயே முடிஞ்சிருச்சுன்னா, மிஸ்?” என்றது ஒரு குட்டி.

“மறுபடியும் மொதல்லேர்ந்து.”

திரை விலகியது. டீச்சர் ஒலிபெருக்கிக்காரரைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் பெட்டியில் எதையோ திருகினார். பாட்டு கிளம்பியது.

ஒரு குரல் பிசகவில்லை. ஒரு பிள்ளைக்கு மூச்சு வாங்கவில்லை. வாரம் முழுக்க மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த பையன்கூட உச்சத்தை எட்டிப் பிடித்து அங்கேயே நின்றான். அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

“தனியா ஒரு குரல் கேக்குதே, அது எங்க பையன்,” என்றார் ஒருவர்.

“காதக் கழுவுங்க. அது எங்க பொண்ணு,” என்றது பக்கத்து நாற்காலி.

அதிகாரி கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார். தாளம் பாட்டைப் பிடிக்க முடியாமல் பின்னாலேயே ஓடிவந்தது. சங்கு மட்டும் முழங்காலில் கையூன்றி, பிள்ளைகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் ‘ச்சு’ என்று நெற்றியில் தட்டிக்கொண்டார்.

பாட்டு முடிந்ததும் அதிகாரி மைக்கைப் பிடித்தார். “முப்பது வருஷமா சங்கீதம் கேக்கறேன். இப்படி ஒரு பயிற்சியப் பாத்ததில்ல. இந்த டீச்சர எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?”

டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தலைமையாசிரியை மனசுக்குள் கேடயத்துக்கு ஆணியே அடித்துவிட்டார்.

அதிகாரிக்கு அதோடு விட மனசில்லை. போட்டோக்காரர் வேறு நிற்கிறார். உழைப்பாளி ஒருவரோடு நின்றால் படம் எடுபடும். பஞ்சு ஒட்டிய புருவத்தைப் பார்த்து மைக்கை நீட்டினார்.

“ஐயா, நீங்க சொல்லுங்க. பிள்ளைங்க பாட்டு எப்படி?”

தலைமையாசிரியை குறுக்கே பாய்ந்தார். “சார், அவருக்குக் காது கேக்காது.”

“ஆமாங்க, சுத்தமாக் கேக்காது,” என்றார் சங்கு, மைக் தேவைப்படாத குரலில். “தறி ஓடறப்ப யாருக்குத்தான் கேக்கும்? அங்க நாங்க வாயப் பாத்துத்தான் பேசிக்குவோம். கடைசித் தறியில நிக்கறவன் முதலாளியத் திட்டினாக்கூட எனக்குத் தெரிஞ்சுரும்.”

அரங்கம் சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. அவள் கை திரைத்துணியைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

அதிகாரிக்கு உற்சாகம் தாங்கவில்லை. “அப்ப எல்லாரும் காதால கேட்ட பாட்ட நீங்க கண்ணால பாத்திருக்கீங்க. என்ன பாடினாங்க, உங்க வாயாலயே சொல்லுங்க.”

சங்கு கூச்சத்தோடு பின்கழுத்தைச் சொறிந்தார்.

“எல்லாப் பிள்ளைங்களும் ஏழாம் வாய்ப்பாடு சுத்தமாச் சொல்லுச்சுங்க. எம் பொண்ணு மட்டும் ஏழெட்டுல தடுக்கிட்டா.”