கறுப்பு ஈறு

"இது வெள்ளைக்காரி வாய். என் வாயைக் குடு."

தாக்கோ பால்தே புதுப் பல்செட்டைக் கழற்றி, யெரோவின் மேசைமேல் டொக்கென்று வைத்தார். முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டு, இனி நகரப் போவதில்லை என்பதுபோல நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

யெரோ பல்செட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இரண்டு வாரம் உழைத்துச் செய்தது. கோல்டா ஊரில் இத்தனை நேர்த்தியாகப் பல்செட் செய்ய வேறு ஆள் இல்லை என்று அவன் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவே சொல்லியிருந்தார்.

"எங்கேம்மா குத்துது? மேலயா, கீழயா?"

"குத்தலைடா. ஈறைப் பாரு, ஆட்டுக்குட்டி நாக்கு மாதிரி ரோஸா! ஒரு ஃபுலா பொம்பளை வாயில இருக்க வேண்டிய ஈறா இது?"

அப்போதுதான் யெரோவுக்கு உறைத்தது. அந்த வயது ஃபுலா இனப் பெண்களுக்கெல்லாம் ஈறில் பச்சை குத்தியிருக்கும். கருநீலமாக மின்னும். அதன்மேல் பல் பால்போலத் தெரியும். இவனோ தலைநகர் டாக்காரிலிருந்து டப்பாவில் வந்த ரோஸ் மாவை அப்படியே குழைத்து அச்சில் ஊற்றிவிட்டான்.

ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை.

"அளவெடுத்தப்ப பார்த்த நிறத்தைத்தாம்மா போட்டேன். உங்க ஈறு ரோஸாத்தானே இருந்துச்சு?"

"அறுபத்தெட்டு வயசுல எதுடா மிச்சம் இருக்கும்? தலைமுடிகூடத்தான் வெளுத்துப்போச்சு. சோத்துப் பானையைத் தவிர ஜாலோக்காரன் கண்ணுல வேற என்ன படும்!"

தாக்கோவின் பால்தே வம்சமும் யெரோவின் ஜாலோ வம்சமும் கேலி முறை. எவ்வளவு வைதாலும் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுக்க வேண்டும். கோபித்துக்கொண்டவன் கெட்டான்.

"பால்தே வீட்டு அம்மாவுக்கு ஈறு எந்த நிறமா இருந்தா என்ன? பேச்சு நிக்கவா போகுது?" என்றான் யெரோ.

தாக்கோ சிரிக்கவில்லை. குரல் இறங்கியது.

"சனிக்கிழமை என் மகனுக்குக் கல்யாணம். என் வயசுச் சோட்டுக்காரிங்க பதினோரு பேரும் வர்றாளுங்க. எங்களையெல்லாம் ஒரே வருஷத்துல, ஒரே பாயில ஈறு குத்த உக்கார வச்சாங்க. மாப்பிள்ளையோட ஆத்தாளைச் சிரிக்க வைக்கிறதுதான் அவளுங்க வேலையே. சுத்தி நின்னு பாடிக்கிட்டு என் வாயைத்தான் பார்ப்பாளுங்க. அன்னைக்கும் நான் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

"அப்ப உங்க ஈறுலயே மறுபடி குத்திக்கலாமேம்மா. சந்தைக்குப் பின்னால இன்னும் ஒரு அம்மா குத்துறாங்களாம்."

"மடையா! அதை உன் பல்செட்டு மூடிக்காதா?" என்றார் அவர், சட்டென்று.

அதுவும் சரிதான். யெரோ தலையைச் சொறிந்தான். "கறுப்பு ஈறு வச்சு யாருமே கேட்டதில்லம்மா. டாக்டரம்மா வந்து பார்த்தாங்கன்னா, யாரைக் கேட்டுச் செஞ்சேன்னு என்னை..."

சொறிந்த கையின் சட்டை நழுவி இறங்கியது. பறவை ஒன்றைப் பச்சை குத்தியிருந்த மணிக்கட்டைத் தாக்கோ எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"இது என்ன? கொக்கா?"

"கழுகும்மா."

"கொக்குதான். காதுல வேற மூக்குத்தி மாதிரி ஒண்ணைச் சொருகியிருக்க. உங்கப்பன் பார்த்துட்டுச் சும்மாவா இருக்கான்? சரி, குத்துறப்ப வலிச்சுதா?"

"மரத்துப்போற மருந்து தடவித்தாம்மா குத்துனாங்க."

"மருந்தா!" தாக்கோ இரண்டு கையையும் தட்டினார். வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஏழு ஊசியைச் சேர்த்துக் கட்டி, கரியில தோய்ச்சு, மேளம் அடிக்க அடிக்க ஈறுல குத்துவாங்கடா. கண்ணு சிமிட்டக் கூடாது. ஒரு சொட்டுக் கண்ணீர் வந்தாப் போச்சு, பேரன் பேத்தி எடுத்தாலும் பயந்தாங்கொள்ளிங்கிற பேரு போகாது. அதுதான் பச்சை! மருந்தைத் தடவிக்கிட்டுக் கொக்கு வரைஞ்சுக்கிறவனெல்லாம் ஆம்பளையாம்!"

யெரோ சட்டைக் கையை மெதுவாக இழுத்துவிட்டுக்கொண்டான். பல்செட்டை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டான்.

"வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு வாங்கம்மா" என்றான்.

நடுவில் இருந்த மூன்று நாளும் ஈறுக்கு நிறம் குழைக்கிற வேலைதான். முதலில் குழைத்தது அடுப்புக்கரியாக வந்தது. அடுத்தது கத்தரிக்காய். மூன்றாவது முறை சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஈறில் பச்சை குத்திய தன் பெரியம்மாவை வரவழைத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். "கட்டிக்கப் போற பொண்ணுக்கு இப்படி மெனக்கெட்டா உனக்கு எப்பவோ கல்யாணம் ஆகியிருக்கும்" என்று திட்டிவிட்டுப் போனார் அவர்.

வெள்ளிக்கிழமை தாக்கோ வந்தார். பல்செட்டை மாட்டிக்கொண்டு, முக்காட்டு நுனியை விடாமல் கண்ணாடி முன் நின்றார். பிறகு கை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

முதலில் உதட்டோரம் மட்டும் அசைந்தது. அப்புறம் ஈறு மொத்தமும் தெரிய, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கருநீலத்தின்மேல் பல் பளீரென்றது. இந்த அம்மா இவ்வளவு அழகா என்று யெரோ வாயைப் பிளந்து நின்றான்.

"பழைய ஈறு மாதிரியே இருக்காம்மா? நிறம் கூடக் குறைய இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

தாக்கோ வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை. அவன் காதருகே குனிந்தார்.

"எனக்கு எப்படிடா தெரியும்? முதல் ஊசிக்கே எழுந்து ஓடினவ நான்!"