இரண்டாவது சர்வர்

"ஒரு சர்வர் போதும்னு நான் சொல்றேன். ரெண்டு வேணும்னு நீ சொல்ற. இங்க மேனேஜர் யாரும்மா, நானா நீயா?"

"நீங்கதான் சார். ஆனா ரெண்டு வேணும்."

குடிநீர் ஆபீஸின் மீட்டிங் அறை. குழாய் எங்கே போகிறது, எங்கே உடைந்திருக்கிறது என்று ஜனங்கள் போனிலேயே பார்த்துக்கொள்ளும் வரைபடம் திங்கட்கிழமை வெளிவருவதாக இருந்தது. எல்லாம் தயார். எதை எந்த சர்வர் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என்பதில்தான், தகவல் பாதுகாப்பைக் கவனிக்கும் அவள் முட்டிக்கொண்டு நின்றாள்.

ஆபீஸில் அவளுக்குப் 'பூட்டு' என்று பட்டப்பெயர். எதை எடுத்தாலும் பாஸ்வேர்டு போட்டு மூடிவிடுவாள்.

"பூட்டு, உன்னால என் லீவு போச்சு," என்றார் வரைபடம் வரைந்தவர். "நாளைக்கு மச்சினி வீட்டுக் கல்யாணம். நான் வரலைன்னா என் பொண்டாட்டி என்னை வாசப்படி ஏத்த மாட்டா."

"அண்ணிகிட்ட நானே பேசறேன் அண்ணா. வெளி சர்வர்ல தெருவும் குழாயும் மட்டும் இருக்கட்டும். எந்த வீட்டுல யார் இருக்காங்க, அவங்க போன் நம்பர் என்னங்கறதெல்லாம் உள் சர்வர்ல தனியா இருக்கட்டும். ரிப்பேருக்குப் போறவருக்கு, அன்னைக்குப் புகார் குடுத்த வீடு தெரிஞ்சா போதும்."

"எனக்கு?" என்றார் மேனேஜர்.

"உங்களுக்கும் தெரிய வேண்டாம் சார்."

அவர் முகம் சிவந்துவிட்டது. "இந்த ஆபீஸைக் கட்டி மேய்க்கிறவன் நான். எனக்கே பூட்டா? நான் என்ன திருடனா?"

"நான் அப்படிச் சொல்லலை சார்."

"வேற எப்படிச் சொன்ன? பேரைத் தட்டினா வீடு தெரியணும். மேப்புன்னா அதுதான். அதுல உனக்கு என்ன வயித்தெரிச்சல்?"

"அதுதான் சார் எரிச்சல். ஒரு பொண்ணு கவுண்டர்ல வந்து நின்னு அழுதா. அடிக்கிற புருஷன்கிட்டேருந்து தப்பிச்சு வந்து தனியா இருக்கா. தண்ணிக் கனெக்‌ஷன் அவ பேர்ல இருக்கு. திங்கட்கிழமை அவன் அவ பேரைத் தட்டினா, வாசல் வரைக்கும் நாமளே கூட்டிட்டுப் போய் விட்ட மாதிரி ஆயிடும்."

வரைபடம் வரைந்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மேனேஜர் குனியவில்லை. "புருஷன் பொண்டாட்டி சண்டைக்கெல்லாம் ஆபீஸ்ல சர்வர் வைக்க முடியாது. இப்ப இருக்கற பொண்ணுங்களுக்குப் பொறுமையே கிடையாது. ஒரு அறை விழுந்தா போதும், பெட்டியைத் தூக்கிட வேண்டியது. அவளைப் பெத்தவங்க இல்லையா? நாலு வார்த்தை புத்தி சொல்லித் திருப்பி அனுப்ப மாட்டாங்களா?"

அவள் வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"யார் அவ? பேரைச் சொல்லு. அந்த ஒரு பேரை மட்டும் எடுத்துடலாம். ஒரே சர்வர், வேலை முடிஞ்சுது."

"அவ வந்து சொன்னதால நமக்குத் தெரியுது சார். வந்து சொல்லாதவங்களை என்ன பண்றது?"

"அதை விடு. பேரைச் சொல்லு."

"மாட்டேன்."

"என்னை நம்பலையா?"

"இல்ல சார்."

மேனேஜர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். அவள் கையெழுத்து இல்லாமல் எதையும் ஏற்ற முடியாது. அது அவருக்கும் தெரியும்.

"வச்சுக்கோ. ரெண்டு என்ன, பத்து சர்வர் வச்சுக்கோ. இதனால திங்கட்கிழமை தள்ளிப்போய், யார் காரணம்னு மேல கேட்டா உன்னைத்தான் கை காட்டுவேன். நான் இந்த நாற்காலியில இருக்கற வரைக்கும் உனக்குப் பிரமோஷன் கிடையாது."

"தாராளமா கை காட்டுங்க சார்."

அவள் லேப்டாப்பை மூடிய வேகத்தில் மேஜை அதிர்ந்தது. வெளியே வந்து படிக்கட்டில் வேகமாக இறங்கினாள். பயமில்லை, ஆத்திரம்.

போன் அடித்தது. அந்தப் பெண்தான்.

"என்னக்கா ஆச்சு?"

"ரெண்டு சர்வர்தான். உன் பேரைத் தட்டினா ஒண்ணும் வராது. போய் நிம்மதியா சாப்பிடு."

"என்னால உங்களுக்கு ஏதாவது..."

"எனக்கு என்ன? நான் நல்லாத்தான் இருக்கேன்."

குரல் காட்டிக்கொடுத்துவிட்டது போலிருக்கிறது.

அந்தப் பெண் மெல்லக் கேட்டாள்:

"எங்கப்பா உங்களை ரொம்பத் திட்டிட்டாராக்கா?"