முதலாம் இலக்கம்

"ஒண்டாம் இலக்கம் இப்றாஹிம்! இப்றாஹிம் எங்க?"

உச்சமுனைக் கரையில் பட்டியலோடு நின்று தொண்டை கிழியக் கத்தினாள் தாதி றிஷ்னா. யாரும் முன்னால் வரவில்லை.

புயலுக்குப் பிறகு உதவிக்கு வந்த ஆஸ்பத்திரிக் கப்பல் இன்று மாலை புறப்படுகிறது. கண் சத்திரசிகிச்சைக்கு இந்தத் தீவில் பதினாறு பேர். கப்பல் வெளிக்கடலில் நின்றது. அதன் மோட்டார் படகுகூடக் கரையோரக் களப்பின் ஆழமில்லாத சேற்றுக்குள் வராது. ஆழத்தில் காத்திருந்த அந்தப் படகுவரை ஆட்களைக் கொண்டுபோக, புயலுக்குத் தப்பியது ஒரே ஒரு வள்ளம். அதை ஓட்டும் சொந்தக்காரரை, வள்ளத் தலைவர் என்ற பொருளில், ஊரே தண்டயல் என்றுதான் கூப்பிட்டது; றிஷ்னாவுக்கு அண்ணன் முறையில் 'நானா'.

"தண்டயல் நானா, இந்தப் பேரை வெட்டிட்டு வேற ஆளைப் போடவா?"

"வெட்டாதீங்க மிஸ். அவர் வருவாரு. மத்த ஆக்களை ஏத்துங்க."

றிஷ்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டியல்படி இரண்டு கண்ணும் வெண்புரை மூடிய மனுஷன். இன்றைக்குத் தவறவிட்டால் பிறகு எந்தக் கப்பல் வரப்போகிறது? அப்படியிருக்க எங்கே போய்த் தொலைந்தார்?

றிஷ்னாவும் ஏறிக்கொள்ள, தண்டயல் நீண்ட கம்பை ஊன்றி ஊன்றி வள்ளத்தைத் தள்ளினார். "சேறு... சேறு... ஆ, மணல். இனி வலப்பக்கம்." தூரத்தில் படகின் சத்தம் கேட்டதும், "இன்ஜினை நிப்பாட்ட வேணாம் எண்டு சொல்லுங்க மிஸ்," என்றார்.

நல்லாத்தான் அதிகாரம் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டாள் றிஷ்னா. ஆனாலும் வள்ளம் ஓரிடத்திலும் தட்டவில்லை.

மூன்று நடையில் பதினைந்து பேரும் படகேறினார்கள். படகின் மேலே நின்ற டொக்டர் மணிக்கூட்டைக் காட்டினார்.

"இனி நிக்க ஏலாது நானா. அந்த ஆள்ட பேரை வெட்டுறன்," என்றாள் றிஷ்னா.

"அவசரப்படாதீங்க மிஸ்." தண்டயல் கம்பைச் சேற்றில் ஆழக் குத்தி, வள்ளத்தை அதில் கட்டினார். "ஆக்கள் எல்லாரும் இறங்கின பொறகுதான் தண்டயல் இறங்குற. நான் முதல்ல போயிருந்தா இவங்களை ஆரு கொண்டு வாற?"

றிஷ்னாவின் பேனை நின்றது.

"இப்றாஹிம் நான்தான் மிஸ். கையைக் கொஞ்சம் பிடிங்க. ஏணி எங்க இருக்கெண்டு எனக்குத் தெரியல்ல."