காலிக் கட்டம்

"அந்தக் காலிக் கட்டச் சோதனையை நிரல்லேருந்து தூக்கிடும்மா. நாளைக்கு சேர்மன் ரிப்பன் வெட்டும்போது திரையில ஒரு சிவப்பு எழுத்து தெரியக் கூடாது" என்றார் மேலாளர், டையை நீவிக்கொண்டே.

அவள் சி என்ற கணினி மொழியில் எழுதிய நிரல் அது. மருத்துவமனைச் செய்தி எதுவானாலும் பைட்டுகளாக அடுக்கி அனுப்பும். கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம் ஒன்று காலியாக இருந்தாலும், அனுப்பியவர் யாரென்று பாராமல், சிவப்பு எழுத்தில் பிழை காட்டித் திருப்பிவிடும்.

"ரத்த வகையே இல்லாம வர்ற செய்தியை எப்படி சார் விடுறது?"

"எனக்கே பாடம் நடத்தாத. வேலை வேணுமா, வேணாமா?"

"வேலை போனா வேற தேடிக்குவேன். நோயாளி போனா எங்க சார் தேடுறது?"

"அப்படின்னா வீட்டுக்குக் கிளம்பு!" என்று சீறிவிட்டுத் தன் அறைக் கதவை அறைந்து சாத்தினார்.

அவள் அசரவில்லை. தேநீர்க் கோப்பையைப் பையில் வைத்தாள். விசைப்பலகையைத் துடைத்தாள்.

பத்தாவது நிமிடம் கதவு மெல்லத் திறந்தது. மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை.

"உன்னை நீக்குற உத்தரவை சேர்மனுக்கு அனுப்பினேன். உன் நிரல் திருப்பிடுச்சும்மா. 'காரணம்'ங்கிற கட்டம் காலியா இருக்காம்."

"நிரப்பி அனுப்புங்க சார்."

"என்னன்னு நிரப்புறது?"

"நடந்ததை அப்படியே எழுதுங்க. சேர்மன் படிக்கட்டும்."

மேலாளர் டையைத் தளர்த்தினார். அவள் கோப்பையை எடுத்து மறுபடி மேசைமேல் வைத்தாள்.