சுடலைமுத்துவின் பாடக் குரல்

பள்ளியில் சேர்க்கும்போதே அப்பாமாரின் குரலைப் பதிந்துகொள்வார்கள். வீட்டுப் பாடப்பெட்டி அந்தக் குரலில்தான் சொல்லிக்கொடுக்கும். மூட்டை சுமந்த சுடலைமுத்து ஓர் இங்கிலீஷ் எழுத்தும் அறியாமலே செத்துப்போனான். இப்போது பன்மைக்கு எங்கே ‘எஸ்’, எங்கே ‘இஎஸ்’ என்று மகள் இசக்கிக்கு அவன் குரல் தினமும் பிசகாமல் சொல்கிறது.

பரீட்சையில் தேறிவிட்டால் குரலை அழித்துவிடுவார்கள்.

“தப்பாவே எழுதுட்டி,” என்றாள் அவன் மனைவி பேச்சியம்மாள்.

“அஞ்சு தடவ ஆச்சும்மா. வகுப்புல மக்குன்னு சொல்லுதாவ.”

“சொல்லிட்டுப் போறாவ.”

இசக்கி ஆறாவது முறையும் தேறவில்லை. பெட்டி அன்று பாடத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னது.

“பேச்சி, என்னையப் போக விடேன். ரொம்ப அலுப்பா இருக்கு.”

பேச்சியம்மாள் வெகுநேரம் பெட்டியையே பார்த்திருந்தாள். பிறகு மகளிடம் பேனாவை நீட்டினாள்.

“இனி சரியா எழுது.”