காதுக்குள் ஒரு மண்டபம்

வவுனியா இசைக்கருவிக் கடைக்குள் மத்தியான வெயில் கண்ணாடி வழியே சரிந்து கிடக்கிறது. மடியில் மின்சாரக் கிட்டாரோடு கஜனி பெரிய அம்பிளிஃபயரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிறந்தநாள் வீடு, சின்ன மண்டபம் எல்லாவற்றுக்கும் அதன் சத்தம் போதும். "நூறு விதமான சத்தம் இருக்குது தங்கச்சி, மழைச் சத்தம் மட்டுந்தான் இல்ல," என்று சிரிக்கிறார் முதலாளி றம்சீன். கணவன் கிருசாந்தன் பக்கத்திலிருக்கும் சின்ன அம்பிளிஃபயர் பெட்டியைத் தட்டுகிறான். "இதில ஹெட்போன் போடலாமோ அண்ணை?" "ஓம் தம்பி. போட்டா வெளியில ஒரு குருவிக்கும் கேக்காது." "அப்ப இது காணும். கலியாணம் முடிஞ்சுது, இனி ஆர் மேடைக்குப் போறது?" "விலையில பெரிய வித்தியாசம் இல்லையேப்பா," என்கிறாள் கஜனி மெதுவாக. அவன் அன்பாகவே ஹெட்போனை அவள் காதில் மாட்டிவிடுகிறான். றம்சீன் கிட்டாரின் வயரைச் சின்னப் பெட்டியில் செருகி ஒரு குமிழைத் திருப்புகிறார். கஜனி கண்ணை மூடி வாசிக்கிறாள். கலியாணத்துக்கு முன் கண்டாவளை ஊர் மேடைகளில் வாசித்த அதே பாட்டு, காதுக்குள் பெரிய மண்டபமாய் அதிர்கிறது. வெளியே மின்விசிறி இரைகிறது; ஆண்கள் இருவரும் நெல் விலை கதைக்கிறார்கள். பாட்டு முடிகிறது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹெட்போனைக் கழற்றுகிறாள். கிருசாந்தன் திரும்பிப் பார்க்கிறான். "என்னப்பா, இன்னும் வாசிக்கத் தொடங்கேல்லையோ?"