சொல்லாமல் போய்ப் பார்த்த மாப்பிள்ளை

"காசு குடுத்து நனையறதுக்கு ஒரு கூட்டம்! நம்ம வயல்ல மடை திருப்ப வரட்டும், நான் சும்மாவே நனைய வெக்கறேன்" என்றார் கிருஷ்ணப்பன், மோட்டார் வைத்து ஓடிக்கொண்டிருந்த அருவியைப் பார்த்து.

"மெதுவாப் பேசுங்க. அந்தப் பையன் காதுல வுழப் போவுது" என்றாள் கண்ணம்மாள்.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி, பெங்களூர் ரோட்டு மேல் இருந்த அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவுக்கு அவர்கள் வந்தது விளையாடுவதற்கு அல்ல. இளைய மகள் சசிகலாவுக்குத் தரகர் தீர்த்தகிரி சொன்ன மாப்பிள்ளை மாதவராஜ் இங்கேதான் சூப்பர்வைசர். மூத்த மகளை விசாரிக்காமல் ஒரு குடிகாரனுக்குக் கொடுத்ததில், அவள் மூன்றாம் வருடமே ஒடிந்த கையோடு வீடு திரும்பியிருந்தாள். அதற்கப்புறம் கிருஷ்ணப்பன் எவன் பேச்சையும் நம்புவதில்லை.

"பொண்ணு வூட்டுக்காரங்கன்னு காட்டிக்காதீங்க. டிக்கெட் எடுத்துக்கிட்டு, கூட்டத்தோட கூட்டமா நின்னு பாருங்க. அப்பத்தான் சாயம் வெளுக்குதா இல்லையான்னு தெரியும்" என்று தரகரே சொல்லி, போட்டோவும் கொடுத்திருந்தார். ஒரு தரகர் வாயிலிருந்து கிருஷ்ணப்பன் கேட்ட முதல் உருப்படியான பேச்சு அது.

பையன் ஓர் இடத்தில் நிற்கவில்லை. அருவியிலிருந்து பனி அறை, அங்கிருந்து பேய் வீடு என்று வாக்கி டாக்கியும் கையுமாக ஓடிக்கொண்டே இருந்தான். ஒவ்வொன்றுக்கும் தனி டிக்கெட். இவர்களும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்கள்.

பனி அறைக்குள் நுழையும்போது ஆளுக்கொரு கம்பளிக் கோட்டு கொடுத்தார்கள்.

"ஐஸ் பொட்டியில மீனை வெக்கற மாதிரி மனுசனை வெக்கறானுங்க. அதுக்குச் சிரிச்சிக்கிட்டே போட்டோ வேற" என்ற கிருஷ்ணப்பன், திடீரென்று குரலை உயர்த்தினார். "ஏய் தம்பி! இங்க வா! இந்தக் கோட்டு ஆட்டுப்பட்டி மாதிரி நாறுது. எத்தன பேரு போட்டுக் கழட்டுனது?"

"ஏங்க, வேணாங்க" என்று கண்ணம்மாள் அவர் கையை இழுத்தாள்.

"நீ சும்மா இரு. ஒருத்தன் கொணம் தெரியணும்னா வம்புக்கு இழுத்துப் பாக்கணும்."

மாதவராஜ் ஓடி வந்தான். "தப்புதாங்க ஐயா. இருங்க, வேற தர்றேன்." புதுக் கோட்டு கொண்டுவந்து தானே மாட்டிவிட்டான். "அம்மாவுக்கு ரொம்பக் குளிரும்" என்று ஒரு மப்ளரும் கொடுத்துவிட்டுப் போனான்.

"எப்பிடிப் பேசுது பாருங்க, தங்கமாட்டம்" என்றாள் கண்ணம்மாள்.

"மொதலாளி கேமராவுல பாக்கறான், அதான் பல்லைக் காட்டறான்."

பேய் வீட்டில் ஓர் எலும்புக்கூடு எகிறி விழுந்து அலறியது. கூட்டமும் சேர்ந்து அலறியது. கிருஷ்ணப்பன் அதன் மண்டையைத் தட்டிப் பார்த்தார். "பிளாஸ்டிக்கு. இதுக்கா கத்தறீங்க? எம் பெரிய மாப்பிள்ளைய இங்க நிறுத்துனா இந்தப் பேயெல்லாம் லீவு போட்டுட்டு ஓடிடும்."

கண்ணம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இயந்திர டைனோசர் கிறீச்சென்று தலையைத் தூக்கியபோது, "எண்ணெ வுடுங்கடா, எம் மொழங்காலு மாதிரி கத்துது" என்றார். ராட்டினத்தில் தலை சுற்றுகிறது என்று பாதியில் நிறுத்தச் சொல்லிக் கூச்சல் போட்டார். மாதவராஜ் நிறுத்தினான்; நாற்காலி போட்டு உட்கார வைத்து எலுமிச்சம்பழ ஜூஸ் வாங்கிக் கொடுத்தான். "இதுல சக்கரையே இல்ல" என்றார். சர்க்கரையும் வந்தது.

கடைசியாக மேஜிக் ஷோ. மேடையில் நின்றவன் தொப்பிக்குள்ளிருந்து புறாவை எடுத்தான்.

"கோட்டுக்குள்ள இருந்த புறா அது! எனக்கா காது குத்தற?" என்று எழுந்து நின்று கத்தினார் கிருஷ்ணப்பன். அரங்கமே திரும்பிப் பார்த்தது. மேடைக்காரன் முறைத்தான். கண்ணம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வேறு எவனாக இருந்தாலும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பான். மாதவராஜோ பக்கத்தில் வந்து, "ஐயா கண்ணு கழுகுக் கண்ணுங்க. இத்தன வருசத்துல யாரும் கண்டுபுடிக்கல" என்று அவரை முன்வரிசையில் கொண்டுபோய் உட்கார வைத்தான்.

"எங்கண்ணுல எவனும் மண்ணத் தூவ முடியாது" என்று மனைவியிடம் மெல்ல முணுமுணுத்தார். ஆனால் அடுத்த வித்தைக்குக் கை தட்டினார்.

ஐந்து மணிக்கு வாசலருகே வந்ததும் கண்ணம்மாள் கேட்டாள். "என்னா முடிவு பண்ணீங்க?"

கிருஷ்ணப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நடிக்கறான்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன். காலையில இருந்து இந்நேரம் வரைக்கும் எவன் நடிப்பான்? நான் பண்ணுன அழும்புக்கு எனக்கே என்னை அறையலாம்போல இருந்துச்சு. அவன் கையி ஓங்கலியே. குடுக்கலாம் கண்ணம்மா. இவன் வூட்டுல நம்ம சசி அடி வாங்க மாட்டா."

கண்ணம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்ப நாம யாருன்னு ஒரு வார்த்த சொல்லிட்டே போயிடலாங்க. பாவம், நம்மள கிறுக்கன்னு நெனச்சிருக்கும்."

அதுவும் சரிதான் என்று பட்டது. டிக்கெட் கவுண்டருக்குப் பின்பக்கம், முதுகைக் காட்டி நின்று மாதவராஜ் போனில் பேசிக்கொண்டிருந்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, நாளைய மாமனாராக அவன் பக்கத்தில் போய் நின்றார் கிருஷ்ணப்பன்.

"தீர்த்தகிரி அண்ணா, பாப்பிரெட்டிப்பட்டி ஜோடி, ஒண்ணு வுடாம எல்லா ஐட்டத்துக்கும் டிக்கெட் எடுத்துப் பாத்து முடிச்சிட்டாங்க, உங்க கமிசன் ரெடி" என்று சொல்லிக்கொண்டிருந்தான் அவன். "நாளைக்கு அரூர்ப் பக்கத்துல இருந்து நாலு பொண்ணு வூட்டுக்காரங்கள அனுப்பி வுடுங்க, ஆனா மாப்பிள்ளைன்னு காட்ட வேற எவன் போட்டோவாவது குடுங்கண்ணா, எம் பொண்டாட்டி தெனம் சண்டைக்கு வர்றா."